பிரித்துப் பார்க்காத பொட்டலம்

பிள்ளைகளா, உங்கள் வேன் அங்கிள் போனில் கேம் விளையாடி முடித்துவிட்டு அழுதார் என்று என் மகள் உங்களிடம் சொல்லிவிட்டாள். அந்தத் திங்கட்கிழமை காலையில் நீங்கள் வண்டியில் ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பையோடு ஒரு சிரிப்பும் ஏறியது. நாலு ரோட்டில் ஏறிய ஒன்பதாம் வகுப்புக்காரன், "அங்கிள், எந்த லெவல்ல அவுட் ஆனீங்க?" என்று கேட்டான். "லெவல் இல்லடா, ஹீரோயின் செத்துருச்சாம்" என்று பின் சீட்டிலிருந்து பதில் வந்தது.

அந்தக் கதையில் எந்தப் பெண்ணும் சாகவில்லை. ஆனால் நான் அழுதது உண்மை. பெரம்பலூர் டிராஃபிக்கில் வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் எழுதித் தருகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் தமிழ் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டாமல் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

அது சுடுகிற கேம் இல்லை, ஓடித் தாவுகிற கேமும் இல்லை. ஒரு கதை. மலைமேல் ஒரு சின்ன ஊர். கீழே அணை கட்டுகிறார்கள், ஒரு மாதத்தில் தண்ணீர் ஏறி ஊர் முங்கிவிடும். அந்த ஊரின் கடைசித் தபால்காரர் நாம்தான். தினமும் பையில் நாலைந்து கடிதம் இருக்கும். ஒவ்வொரு வாசலிலும் கேம் நம்மைக் கேட்கும்: கொடுக்கிறாயா, பையிலேயே வைத்துக்கொள்கிறாயா, பிரித்துப் படிக்கிறாயா? நாம் எதைத் தொடுகிறோமோ அதன்படி கதை போகும்.

எனக்கு இங்கிலீஷ் கடை போர்டு படிக்கிற அளவுக்குத்தான் வரும். மகள் படித்துப் படித்துத் தமிழில் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஃபேனுக்குக் கீழே இரண்டு பேரும் தலை முட்ட உட்கார்ந்துவிடுவோம். "அப்பனும் மவளும் ஊரு முழுக்கத் தபால் குடுங்க, இங்க மாவரைக்கப் போவ ஒரு ஆளில்ல" என்று அவள் அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள்.

கதையில் கடைசி வீடு கம்பளி நெய்கிற ஒரு பெண்ணுடையது. அவளுடைய தகப்பனார் படுத்த படுக்கை. தபால்காரர் போனால் டீ கொடுப்பாள், இரண்டு வார்த்தை சிரித்துப் பேசுவாள். நாள் முழுக்கப் பனியில் நடந்துவிட்டு அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் எனக்கே உடம்பு சூடானதுபோல இருக்கும். ஒருநாள் அவளுக்கு டவுனிலிருந்து கடிதம் வந்தது. நான் பிரித்தேன். பெரிய தறிக்கூடத்தில் வேலை இருக்கிறது, உடனே புறப்பட்டு வா என்று எழுதியிருந்தது. கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

"ஏம்ப்பா? அது அவளோட லெட்டர்ப்பா" என்றாள் மகள்.

"இவ போயிட்டான்னா அந்தப் பெரியவர யாரு பாக்குறது?"

"பெரியவருக்காவ வச்சுக்கிட்டியா, டீக்காவ வச்சுக்கிட்டியா?"

நான் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

கதையின் முடிவில் ஊரே படகில் ஏறுகிறது. அப்போது கேம் ஒவ்வொரு வீட்டுக் கதவாகக் காட்டி, அந்த வாசலில் நாம் என்ன செய்தோம் என்று கீழே எழுதுகிறது. கடைசிக் கதவு வந்தது. அந்தப் பெண் நம்மைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். மகள் அதைத் தமிழாக்கிச் சொன்னாள்: "நீங்க தினமும் வருவீங்க. எனக்கு ஏதாவது வந்துருக்கான்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல. வந்தா நீங்க குடுத்துருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்."

அதற்குமேல் ஒன்றும் இல்லை. தண்ணீர்ச் சத்தம், பிறகு இருட்டு. நான் எழுந்து கொல்லைக் குழாயடிக்குப் போனேன். மகள் பின்னாலேயே வந்தாள்.

"அழுவுறியாப்பா?"

"கண்ணுல சோப்பு."

"சோப்பே எடுக்கலியே நீ."

இதுதான் நடந்தது. ஆனால் நான் அழுதது அந்தக் கம்பளிப் பெண்ணுக்காக மட்டும் இல்லை. அதைச் சொல்ல எனக்கு ஒன்பது வயதாக இருந்த ஒரு கோடைக்குப் போகவேண்டும்.

எங்கள் ஊர் அரியலூருக்குத் தெற்கே, திருமழபாடிக்குப் போகிற வழியில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரி போய்ப் போய் ரோட்டோரப் புளியமரமெல்லாம் வெள்ளை பூத்ததுபோல நிற்கும். ஓடையில் இறங்கினால் நத்தைபோலச் சுருண்ட கல் கிடைக்கும். அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று இப்போது உங்களை டூர் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். எங்களுக்கு அது புளியங்கொட்டை உடைக்கிற கல்.

எனக்கு ஒரு அக்கா, என்னைவிட எட்டு வயது மூத்தவள். எங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு பாஸான முதல் பெண் அவள்தான். கொல்லைச் சுவரில் கரியால் எழுதித் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். எட்டாம் வாய்ப்பாடு எனக்கு இன்றைக்கும் மறக்காது. ஒவ்வொரு எட்டுக்கும் என் காதை ஒரு திருகு திருகியிருக்கிறாள். திருச்சியில் டீச்சர் டிரெயினிங் சேருவதற்கு ஃபாரம் வாங்கி, நிரப்பி, அது காற்றில் பறக்காமல் இருக்க ஒரு சுருட்டைக் கல்லை மேலே வைத்திருந்தாள். இரண்டு வருஷம். ஹாஸ்டலில் தங்கவேண்டும்.

அந்த நேரம் பார்த்துத் திருமழபாடியிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கொள்ளிடக் கரையில் நிலம். டைனமோ விளக்கு வைத்த சைக்கிளில் வந்தார். என்னை முன்னால் உட்காரவைத்து ஐயனார் கோயில் வரைக்கும் ஒரு சுற்று சுற்றினார். சக்கரத்தில் டைனமோ உரசுகிற 'ர்ர்ர்' என்ற சத்தம் எனக்குப் பிடித்துப்போயிற்று.

"ரெண்டு வருஷம் படிச்சுட்டு வந்து என்ன பண்ணப் போற?" என்றார் அப்பா.

"வேலைக்குப் போவேன்ப்பா."

"வேலைக்குப் போற பொண்ணுக்கு அதுக்குத் தக்க மாப்பிள்ளைக்கு நான் எங்க போவேன்? கையில வந்தத விட்டுப்புட்டு நிக்கச் சொல்றியா?"

மூன்று நாள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் அம்மாதான் சொன்னாள்: "ஏன் ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்கிறீங்க? பூக்கட்டிக் கேட்டுருவோம்."

உங்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்காது. ஒரு காரியத்தில் முடிவு தெரியாவிட்டால் வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று என்று தனித்தனியாக வாழையிலையில் பொட்டலம் கட்டி சாமி காலடியில் வைப்பார்கள். வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் அது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வார்கள். பிறகு ஒரு சின்னப் பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். சின்னப் பிள்ளைக்குச் சூது தெரியாது, அது கையால் எடுப்பது சாமி கொடுப்பது என்று கணக்கு. எடுத்த பொட்டலத்தைத்தான் பிரிப்பார்கள். எடுக்காததைப் பிரிக்கக்கூடாது. அப்படியே மரத்தடியில் போட்டுவிட வேண்டும்.

எங்கள் தெருவுக்கு அந்தச் சின்னப் பிள்ளை நான்தான். ராசியான கை என்று பெயர். எருது வாங்கலாமா, ஆபரேஷன் பண்ணலாமா, மகனைத் துபாய்க்கு அனுப்பலாமா, எல்லாவற்றுக்கும் என்னைக் குளிப்பாட்டித் தூக்கிக்கொண்டுபோவார்கள். போய்வந்தால் எனக்கு ஒரு கைப் பொரி, ஒரு கமர்கட். மேலத் தெரு மாமா ஒருத்தர் நான் எடுத்த பூவை நம்பிக் கிணறு வெட்டிப் பாறையாக வந்து, ஒரு மாதம் என் முகத்தில் முழிக்காமல் போனார். அதைத் தவிர என் கைக்குக் கெட்ட பெயர் கிடையாது.

வெள்ளை வந்தால் படிப்பு, சிவப்பு வந்தால் கல்யாணம் என்று பேசியாயிற்று. அக்கா ஒத்துக்கொண்டாள். "சாமி சொன்னதுக்கப்பறம் யாரும் ஒரு வார்த்த பேசக்கூடாது" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா கொல்லையில் உட்கார்ந்து பொட்டலம் கட்டினார். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்தேன். ஒளிந்து பார்க்கவேண்டும் என்று இல்லை, அங்கே கோழி முட்டை வைத்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்பா செவ்வரளியை இலையில் வைத்து மடித்தார். இலையின் ஓரம் கிழிந்தது. நாரை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். அடுத்த பொட்டலத்தைக் கட்டும்போது எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். ஓரம் கிழிந்தது சிவப்பு. இது எனக்குத் தெரிந்துபோயிற்று.

கோயிலுக்குப் புறப்படும்போது அக்கா என் தலையைச் சீவிவிட்டாள். தேங்காய் எண்ணெயும் இங்க்கும் கலந்த ஒரு வாசனை அவள் கையில் எப்போதும் இருக்கும். குனிந்து காதோடு சொன்னாள்: "நல்லா கண்ண மூடிக்க. எதையும் நெனைக்காத. கை தானாப் போவும்."

நான் நினைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. திருச்சி எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. தெரியாத தூரம். திருமழபாடிக்கு சைக்கிளில் போய்விடலாம். ஹாஸ்டலுக்குப் போனால் அக்கா எனக்கு இல்லை. கல்யாணமானால் அக்கா பக்கத்திலேயே இருப்பாள், டைனமோ சைக்கிளும் வரும். ஒன்பது வயதுக்கு இது நல்ல கணக்காகத்தான் பட்டது.

பூசாரி கண்ணை மூடச் சொன்னார். கற்பூரப் புகை கண்ணைக் கரித்தது. ஒரு கீற்று திறந்துவைத்திருந்தேன். கை முதலில் இந்தப் பக்கப் பொட்டலத்தின்மேல்தான் போய் விழுந்தது. இலை சில்லென்று இருந்தது. ஓரம் கிழியாத இலை. கையை நகர்த்தி மற்றதை எடுத்தேன்.

பூசாரி பிரித்தார். செவ்வரளி.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா பெருமூச்சு விட்டார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. யாரும் பேசக்கூடாது என்று சொன்னவளே அவள்தானே. வீட்டுக்கு வந்து ஃபாரத்தை எடுத்து மடித்துவிட்டு, அந்தச் சுருட்டைக் கல்லை என்னிடம் கொடுத்தாள். ஆனியில் கல்யாணம் நடந்தது. கல்லை ரொம்ப நாள் வைத்திருந்தேன். பெரம்பலூருக்குக் குடிவந்தபோது எங்கேயோ போய்விட்டது.

அக்கா வாழ்க்கை கெட்டுப்போயிற்று என்று நினைக்காதீர்கள். மாமா குடிக்காதவர், அடிக்காதவர். இரண்டு பையன்கள், இருவரும் வேலையில் இருக்கிறார்கள். ஆனால் அக்கா என்ன வேலை பார்க்கிறாள் தெரியுமா? பள்ளிக்கூடத்தில்தான். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறாள். முப்பது வருஷமாக டீச்சர் பாடம் நடத்துகிற சத்தத்தைச் சன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டபடி பருப்பு வேகவைக்கிறாள். "இன்னைக்கி எட்டாம் வாய்ப்பாட்டத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டாங்கடா அந்தப் புது டீச்சர்" என்று ஒருமுறை போனில் சொல்லிச் சிரித்தாள். நானும் கூடவே சிரித்தேன்.

கேம் முடிவில் அந்தக் கம்பளிப் பெண் பேசியபோது எனக்கு உறைத்தது இதுதான். ஒன்பது வயதில் தெரியாமல் செய்தேன் என்று இத்தனை வருஷம் மனதைத் தேற்றி வைத்திருந்தேன். ஐம்பது வயதில், ஃபேனுக்குக் கீழே, யாரும் அவசரப்படுத்தாமல், அதே காரியத்தை மறுபடி செய்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கட்டும் என்று ஒருத்தியின் கடிதத்தை வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மகள் என்னைக் கேட்காமல் முதலிலிருந்து ஆடினாள். இந்த முறை கடிதத்தைக் கொடுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு வந்தாள்.

"ஏமாத்துறாங்கப்பா. குடுத்தாலும் அவ போவல. அப்பாவ விட்டுட்டுப் போவ முடியாதுன்னு மடிச்சு வச்சுக்கிட்டா. அதே படகு, அதே முடிவு. என்னத்தத் தொட்டாலும் ஒண்ணுதான்."

"கடைசில ஏதும் சொல்லலியா அவ?"

"அந்த ஒரு வரிதான் வேற. லெட்டரப் பத்திரமா வச்சுருக்கேன்னு சொல்றா."

எதைத் தொட்டாலும் ஒன்றுதான். அவள் அதைச் சொன்னபோது, அப்பா எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த இன்னொரு பொட்டலத்தைப் பற்றி நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. அதில் வெள்ளைதான் இருந்தது என்று யார் பார்த்தார்கள்?

அதற்கடுத்த ஞாயிறு மகளையும் கூட்டிக்கொண்டு அரியலூர் போய், அங்கிருந்து திருமழபாடிக்கு பஸ் ஏறினேன். வழியில் எங்கள் ஊர் வந்தபோது ஓடைப் பக்கம் பார்க்கவில்லை. அக்கா இனிமேல் என்னோடு பேசாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

அக்கா வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "என்னடா, சொல்லாமக்கொள்ளாம? வூட்டுல சண்டையா?" என்றாள். பிறகு மகளைப் பார்த்து, "வாடி டவுன்காரி, அத்தை வூடு இன்னைக்கித்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" என்றாள்.

நானும் உட்கார்ந்து ஒரு கை வெங்காயம் எடுத்து உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தால் கேட்கமாட்டார்கள் என்று ஒரு தைரியம்.

"அக்கா, ஒனக்குப் பூக்கட்டிக் கேட்டப்ப நான் பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்டா."

"எப்படி?"

"ஒங் கை மொதல்ல இந்தப் பக்கந்தான் வந்துது. அப்பறம் நவுந்துச்சு. நான் ஒங் கையவேதான பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவளே சொன்னாள்: "மக்யாநாளு விடியக்காலம் தண்ணிக்குப் போறப்ப கோயிலுக்குப் போனேன். வேப்பமரத்தடில கெடந்துச்சு அது. பிரிக்கக்கூடாதுதான். சாமி எனக்குக் குடுக்க வந்தத நீ தடுத்துட்டியான்னு பாத்துரணும்னு பிரிச்சேன்."

"வெள்ளையா?"

"செவப்பு."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா தோலை ஊதித் தள்ளினாள். "அப்பா வேல. அதுக்கு முன்னாடியே இவுங்க வூட்டுல வாக்குக் குடுத்துட்டாரு போல. நான் அழுவாம ஒத்துக்கணும்னு சாமிய இழுத்துட்டாரு."

"நீ கேட்டுருக்கலாம்ல?"

"என்னன்னு கேக்குறது? ஒண்ணு, அப்பா பொய்யின்னு சொல்லணும். இல்லாட்டி, சாமி பொய்யின்னு சொல்லணும். பதினேழு வயசுடா எனக்கு."

அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கெட்டவர் இல்லை. நானும் ஒரு பெண்ணைப் பெற்றவன், அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மகளிடம் நேராகச் சொல்ல முடியாத ஒரு வார்த்தையை மகன் கையால் சொல்லவைத்தார். இப்போது நினைத்தால் எனக்கு அதுதான் அவர் செய்ததிலேயே பெரிய தப்பாகப் படுகிறது.

ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. "அப்ப நான் எத எடுத்துருந்தாலும் அதேதானக்கா?" என்றேன்.

"ஆமா. எத எடுத்துருந்தாலும் அதேதான்."

அக்கா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். என்னைப் பார்க்காமல், கோபமும் இல்லாமல் சொன்னாள்:

"ஆனா எடுக்குறப்ப அது ஒனக்குத் தெரியாதுல்ல."

உரித்த வெங்காயம் என் கையிலேயே இருந்தது. இறங்கிய மூட்டை அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. அது அங்கேதான் இருக்கவேண்டும் என்றும் தோன்றியது.

பிறகு அவள் வழக்கம்போலத்தான் இருந்தாள். மீன் குழம்பு வைத்தாள், எனக்கு நடுத்துண்டு போட்டாள், மெலிந்துவிட்டாய் என்று திட்டினாள். சாப்பிட்ட பிறகு மகள் போனை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தபால்காரர் கதையைச் சொல்லி, "நீ ஆடு அத்தை, நான் படிச்சுச் சொல்றேன்" என்றாள். அக்கா முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு தொட்டாள். டீ கொடுக்கிற வீடு வந்தது. டவுனிலிருந்து கடிதமும் வந்தது.

"குடுக்குறியா, வச்சுக்கிறியா, பிரிச்சுப் பாக்குறியா?" என்றாள் மகள்.

"அவ பேருதான போட்டுருக்கு?" அக்கா யோசிக்கவே இல்லை. கொடுக்கிற இடத்தில் தொட்டாள்.

"குடுத்தாலும் அவ போவ மாட்டா அத்தை. நான் ஆடிப் பாத்துட்டேன்."

"போவாட்டி என்னடி" என்றாள் அக்கா. "அவ கைக்கு வந்துதுல்ல."